வரிசை மாறிய வெள்ளைக் கற்கள்

பதுளை பஸாரில் தையல் கடை வைத்திருக்கும் மாணிக்கராஜின் மகள் கல்லையும் மண்ணையும் படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும், கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டொக்டருக்குப் படிக்கலாம், டீச்சருக்குப் படிக்கலாம், மண்ணைப் படித்து யாருக்கு என்ன ஆகப் போகிறது? மாணிக்கராஜுக்கும் பதில் தெரியாது. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதுக்குப் பிடிச்சிருக்கு, படிக்கட்டும் என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

பிடித்ததற்குக் காரணம் துன்ஹிந்த அருவி. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போன பிள்ளைகள் எல்லாரும் அருவியைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்க, நிரஞ்சலா மட்டும் அருவிக்குப் பக்கத்தில் இருந்த பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் அதில் பிசைந்த மாவைப் போல வளைந்து ஓடின. இந்தக் கல் ஒரு காலத்தில் பூமியின் ஆழத்தில் வெந்து இளகிக் கிடந்தது என்று டீச்சர் போகிற போக்கில் சொன்னார். கல் இளகுமா? அன்றைக்குப் பிடித்த வியப்பு, முப்பத்தைந்து வயதாகி, பதுளையில் மண்சரிவை ஆராயும் அலுவலகம் ஒன்றில் உத்தியோகத்துக்கு வந்த பிறகும் அவளை விடவில்லை. எந்த மலையைப் பார்த்தாலும் அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்றுதான் முதலில் யோசிப்பாள்.

மலை அவளுக்குத் தெரியும். மலையில் குடியிருக்கும் மனிதர்களிடம் பேசத்தான் தெரியாது. அதற்கு அவளை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. பல்கலைக்கழகத்தில் கல்லைத் தட்டிப் பார்க்கவும், மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். சலித்துக் கண்டதை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வதென்று ஒரு நாள்கூட ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெரகலைக்கு மேலே வெள்ளப்பாறைத் தோட்டத்துக்கு அவள் முதல் தடவை போனபோது மடிக்கணினி, படம் காட்டும் கருவி, அதற்கு நீளமான வயர் எல்லாம் கொண்டு போனாள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்துச் சுவரில் தோட்டத்தின் வரைபடம் விழுந்தது. மலையடிவாரத்தில் காம்பரா என்று சொல்லும் அறைகள் பன்னிரண்டு கொண்ட லயமும் அதைச் சுற்றியுள்ள இடமும் அதில் இரத்தச் சிவப்பாக இருந்தன. சாய்வுக் கோணம், நுண்துளை நீரழுத்தம், உயர் அபாய வலயம் என்று சுத்தமான தமிழில் அவள் விளக்கிக்கொண்டே போனாள். கொழுந்து பறித்துவிட்டு வந்து குந்தியிருந்த பெண்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டி, ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். விளங்கிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். படித்தவர்களை ஏமாற்றுவதற்கு ஒரு 'ஆமாங்க' போதும்.

கடைசியில் கேள்வி இருக்கிறதா என்று கேட்டபோது அழகர் எழுந்தார். தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பூசாரியும் அவர்தான், திருவிழாக் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான்.

"மிஸ், அந்தச் செவப்பு எங்க லயத்து மேல மட்டும் ஏன் விழுந்திருக்கு? தொரை பங்களா பச்சையா இருக்கே."

பிள்ளைமடுவம் முழுக்கச் சிரிப்பு. பங்களா மேட்டில் இருக்கிறது, லயம் பள்ளத்தின் வாயில் இருக்கிறது, பதில் அவ்வளவுதான். ஆனால் நிரஞ்சலா மறுபடியும் சாய்வுக் கோணத்திலிருந்து தொடங்கினாள். கேட்க ஆளில்லை.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. எல்ல ஊர்ப் பக்கத்தில் எங்கேயோ, நல்ல காட்சி தெரிகிற இடத்தில் இருந்த லயத்தை ஆபத்து என்று சொல்லிக் காலி பண்ணிவிட்டு ஹோட்டல் கட்டினார்களாம். அப்படி நடந்ததோ இல்லையோ, கதை மட்டும் மலைக்கு மலை தாவி வெள்ளப்பாறைக்கு வந்து சேர்ந்திருந்தது. போதாததற்குப் போன வருஷம் ஒலிபெருக்கியோடு வந்த ஓர் அதிகாரி எல்லாரையும் கீழே றோட்டோரப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். மலை இன்றைக்கே வந்துவிடும் என்று சத்தியம் செய்தார். மலை அப்படியே இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் கோழிகளைத்தான் காணோம். இருட்டிய பிறகு பின்பாதையால் பாதிப் பேர் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார்கள் என்பது அந்த அதிகாரிக்குக் கடைசிவரை தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு நிரஞ்சலா லயத்துக்குப் பின்னால் மலையேறினாள். அங்கே வெடிப்பு இருந்தது. தேயிலைக்கு நடுவே, வில்லாக வளைந்து, கை நுழையும் அகலத்தில் ஓடியது. வெடிப்பின் இரு பக்கமும் ஆப்பு அடித்து, இடைவெளியை அளந்துகொண்டு, இதை ஒருவரும் தொடக்கூடாது என்று லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த பெரியாயியிடம் சொல்லிவிட்டு வந்தாள். பெரியாயி ஐம்பதை நெருங்கும் கொழுந்துக்காரி, மகளை ஹாலிஎலப் பக்கத் தோட்டமொன்றில் கட்டிக்கொடுத்துவிட்டுப் புருஷனோடு தனியாக இருப்பவள். அவளும் ஆமாங்க என்றாள்.

இரண்டு கிழமை கழித்து வந்து பார்த்தால் வெடிப்பைக் காணோம்.

நிரஞ்சலா அங்கும் இங்கும் ஓடித் தேடினாள். ஆப்புகளையும் காணோம். வெடிப்பு ஓடிய இடம் முழுக்க சீமெந்தும் களிமண்ணும் கலந்து பூசி, கரண்டியால் தேய்த்து மொழுமொழுவென்று வைத்திருந்தார்கள். லயத்துப் பக்கம் இறங்கும் இடத்தில் அதன் மேல் ஒரு கோலம் வேறு. மற்றத் தோட்டங்களில் பங்குனி, சித்திரையில் வரும் அம்மன் திருவிழா வெள்ளப்பாறையில் மட்டும் தையில் வரும். திருவிழா என்றால் லயம் முழுக்க வெள்ளையடிப்பார்கள், தரை மெழுகுவார்கள், பாதையோரத்துக் கற்களுக்குக்கூடச் சுண்ணாம்பு பூசுவார்கள். ஊரே கூடிச் செய்த அந்தச் சிரமதானத்தில் வெடிப்பையும் அடைத்துவிட்டார்கள். ஆப்புகள் தோரணம் கட்டப் போயிருந்தன.

"ஆத்தா வர்ற நேரத்துல வாசப்பக்கம் வெடிச்சுக் கெடக்கலாமா மிஸ்?" என்றாள் பெரியாயி. அவள் முகத்தில் பெருமை. மிஸ்ஸுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

நிரஞ்சலா கத்திவிட்டாள். உங்களுக்கெல்லாம் உயிர் மேல் ஆசையே இல்லையா, சொன்னால் காதில் விழாதா, இது விளையாட்டா என்று லயத்து வாசலில் நின்று எல்லார் முன்னாலும் கத்தினாள். பெரியாயி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மற்றக் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

திரும்பி வருகிற வழியில் பெரகலைச் சந்தியில் தேநீர் குடிக்க ஜீப்பை நிறுத்தினார் மொஹிதீன். பதுளைக்காரர், அலுவலக ஜீப்பின் சாரதி. ஊவா மாகாணம் முழுவதும் இப்படிப்பட்ட கூட்டங்களை ஜீப்பில் சாய்ந்தபடி கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவர்.

"நீங்க சொல்றது உண்மைதான் மிஸ். ஆனா நீங்க சொல்ற மாதிரி சொன்னா எங்கட உம்மாவே எழும்பி வர மாட்டா" என்றார்.

நிரஞ்சலா தேநீரைக் குடிக்காமலே வைத்தாள். கோபம் மொஹிதீன் மேல் இல்லை. சீமெந்துக்குக் கீழே வெடிப்பு இப்போதும் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கிறது, அதைப் பார்க்கக் கண் இருப்பது தனக்கு மட்டும்தான், அந்தக் கண்ணை எப்படி இன்னொருவருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லையே என்ற தவிப்பு.

அன்று மாலை கடையில் அப்பா ஒரு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மல்லுக்கட்டியது வாடிக்கையாளர்தான். கோட்டு சரியாகத்தான் இருக்கிறது, தோளில் இழுக்கவே இல்லை, பிரித்துத் தைக்க வேண்டாம், கலியாணத்துக்கு நேரமாகிறது என்று அவர் நின்றார். அப்பா சோக்குக் கட்டியை எடுத்து அவர் முதுகில் குறுக்காக நேர்கோடு ஒன்று போட்டார். கையைத் தூக்குங்க என்றார். பின்னால் இருந்த கண்ணாடியில் கோடு வளைந்து கோணிக்கொண்டு போனது. வாடிக்கையாளர் தானாகவே கோட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

நிரஞ்சலாவுக்குப் பொறி தட்டியது. சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை பார்த்த காரியம்தான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

மறுநாள் அவள் மடிக்கணினி இல்லாமல் வெள்ளப்பாறைக்குப் போனாள். நேரே பெரியாயியின் காம்பராவுக்குப் போய், நேற்றுக் கத்தினது என் பிழை அக்கா, மன்னிச்சுக்கங்க என்றாள். வாசல் வெடித்துக் கிடக்கக்கூடாது என்று நினைத்தது சரிதான், எனக்குத்தான் விளக்கமாகச் சொல்லத் தெரியவில்லை என்றாள். பெரியாயி உள்ளே போய்ப் பாலில்லாத சாயத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். குடித்து முடித்ததும், வெள்ளையடித்த கற்கள் மிச்சம் இருக்கிறதா என்று நிரஞ்சலா கேட்டாள்.

லயத்துக்கு மேலே ஒரு பக்கம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் பெரிய கரும்பாறை. மறுபக்கம் தூரத்தில் இன்னொரு பாறை. இரண்டுக்கும் நடுவே, மலைக்குக் குறுக்காக ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, கயிற்றை ஒட்டி வெள்ளைக் கற்களைப் பாதி புதையும்படி வரிசையாக நட்டார்கள். மொஹிதீன்கூடக் கால்சட்டையை மடித்துக்கொண்டு கல் சுமந்தார். என்ன வேலை நடக்கிறது என்று பார்க்க லயமே திரண்டது. கயிற்றை அவிழ்த்தபோது பச்சைக்கு நடுவே வகிடு எடுத்தது போல வரிசை நேராக நின்றது.

"இப்ப நேரா இருக்கு. ரெண்டு முனையும் பாறையில இருக்கு, அது அசையாது. நடுவுல உள்ளதும் அசையலைன்னா நான் சொன்னது தப்பு. இனிமே இந்தப் பேச்சு பேச மாட்டேன். அசைஞ்சா எனக்கு ஒரு மிஸ் கோல் குடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். நுண்துளை நீரழுத்தம் ஜீப்பிலேயே இருந்துவிட்டது.

அழகர் முன்னால் வந்தார். கோயில் வாசலிலும் ஒரு வரிசை வையுங்க என்றார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், துருத்திக்கொண்டு நிற்கும் மேட்டில் கோயில். அவள் வரைபடத்தில் அதுவும் சிவப்புக்குள்தான் இருந்தது. ஆத்தா காலடி அசையுதா பார்த்துவிடுவோம் என்று அவர் சவாலாகக் கேட்டார். அங்கேயும் கல் நட்டார்கள். அங்கே அசையுமா அசையாதா, மிஸ் என்ன சொல்றீங்க என்று அவர் விடவில்லை.

"எனக்குத் தெரியாதுங்கய்யா. பாப்போம்."

அழகர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஜீப்பில் வந்து இறங்கிய ஒருவர் வாயிலிருந்து தெரியாது என்ற சொல்லை அவர் அதுவரை கேட்டதில்லை.

இரண்டு நாளில் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் நூல் கையில் ஏறிவிட்டால் தோட்டத்துக்காரர்கள் திருவிழா முடியும்வரை எல்லைக்கு வெளியே இராத்தங்கக் கூடாது. கடைக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். காப்புக் கட்டிய மறுநாளே மழை பிடித்தது. தையில் இப்படி ஒரு மழையா என்று பெரியவர்களே திகைத்த மழை. மலையையே காணவில்லை, எங்கும் ஒரே வெள்ளைப் புகை.

காலையில் பல்லை விளக்கிக்கொண்டு போய்க் கல்லைப் பார்ப்பது லயத்தில் எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது. மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில், நடுவிலிருந்த கற்கள் கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பெரியாயி கண்டாள். கயிற்றைப் பிடித்துப் பார்த்தால் ஒரு விரல் அகலம். அழகர் நம்பவில்லை. மாடு உதைத்திருக்கும், இல்லையென்றால் யாரோ விளையாடியிருப்பார்கள், ஹோட்டல்காரன் ஆள் வைத்துத் தள்ளினாலும் தள்ளுவான் என்றார். கையும் களவுமாகப் பிடிப்பதற்காகக் குடையைப் பிடித்துக்கொண்டு, கல்லுக்கு எதிரே தானே போய்க் குந்திவிட்டார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு குஞ்சு குருவியை அண்ட விடவில்லை. சாப்பாடுகூட அங்கேயே வந்தது. எழுந்திருக்கும் முன் கயிற்றைக் கட்டிப் பார்த்தார். இடைவெளி ஒரு சாண்.

நிரஞ்சலாவுக்கு வந்தது மிஸ் கோல் இல்லை. அழகரே எடுத்துப் பேசினார்.

"மிஸ், யாரும் தொடல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். மல நடக்குது மிஸ்."

அவள் படித்த அத்தனை புத்தகமும் சொல்ல வந்தது அந்த ஒரு வரிதான். அதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகவே கண்டு அவளுக்குச் சொல்கிறார். லயத்தில் யாரும் பின் காம்பராக்களில் படுக்க வேண்டாம், ஆள் மாறி ஆள் விழித்திருங்கள், விடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றாள். மேலிடத்துக்கும் உடனே அறிவித்தாள்.

விடிந்ததும் மொஹிதீன் ஜீப்பைப் பறக்கவிட்டார். மழை சற்று விட்டிருந்தது. வெள்ளை வரிசை நடுவில் ஈரத்துணி காயும் கொடியைப் போலத் தொய்ந்து கிடந்தது. பீலித் தண்ணீர் சேறாக வந்தது. பெரியாயியின் கதவு நிலையில் இறுகிச் சாத்த முடியாமல் நின்றது. பூசிய சீமெந்து வரிவரியாக வெடித்திருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்று நிரஞ்சலாவுக்குப் புரிந்தது. லயத்தில் இருப்பவர்களுக்கும் புரிந்திருந்தது. இந்த முறை ஒருவர்கூட வரைபடத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம் என்றாள். அங்கேதான் சிக்கல். பள்ளிக்கூடம் எல்லைக்கு வெளியே. பெரியாயி தன் கையிலிருந்த மஞ்சள் நூலைப் பார்த்தாள். அழகர் தலையைக் குனிந்துகொண்டார். அது பிடிவாதம் இல்லை, அவர் கண் கலங்கியிருந்தது. பொலிசைக் கூட்டி வந்து ஏற்றிக்கொண்டு போகலாம். உத்தரவு வர நாளையாகும், வந்து ஏற்றினாலும் இருட்டியதும் பின்பாதையால் திரும்பி வருவார்கள். மலையடிக்கே வருவார்கள். இத்தனையும் கண்ணால் கண்டவர்கள், நம்பியவர்கள், ஒரு மஞ்சள் நூலால் சாகப்போகிறார்களே என்று நிரஞ்சலாவுக்கு அழுகை முட்டியது. கத்துவதற்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"எல்லைக்குள்ள இருக்கணும், அவ்வளவுதானேய்யா?" என்று கேட்டாள்.

அழகர் நிமிர்ந்தார். "கோயில் வரிசையைப் பாத்தீங்களா?"

இருவரும் பள்ளத்தைச் சுற்றி ஓடினார்கள். கோயில் வாசலில் கற்கள் நட்டபடியே நின்றன. கயிற்றைப் பிடித்தால் நூல் பிசகவில்லை. நிரஞ்சலா மேட்டைச் சுற்றி நடந்தாள். மண்டியிட்டு மண்ணைச் சுரண்டினாள், சுத்தியலால் தட்டினாள். எங்கே தட்டினாலும் கணீரென்ற ஒரே சத்தம். தோட்டத்துக்குப் பெயர் கொடுத்த வெள்ளைப் பாறை கோயிலுக்கு அடியில் பாளம் பாளமாக இறங்கி மலையின் எலும்போடு போய்ச் சேர்ந்திருந்தது. மேலே இருந்து மண் வந்தாலும் நடுவிலுள்ள ஆழமான பள்ளம் அதை வாங்கிக்கொண்டு போய்விடும். வரைபடம் போட்டவர்கள் பெரிய தூரிகையால் ஒரே இழுப்பாக இழுத்திருந்தார்கள். இந்த மேட்டுக்கு அவளும் ஏறிப் பார்க்கவில்லை, அழகர் கேட்டிருக்காவிட்டால் கல்லும் நட்டிருக்க மாட்டாள்.

அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். மேலதிகாரி பள்ளிக்கூடம்தான் என்றார், சிவப்புக்குள் ஆளை வைத்து ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார். நான் சொல்றேன் சேர் என்று வைத்துவிட்டாள். பிறகு லயத்து ஆட்கள் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு நூத்துக்கு நூறு தெரியாது. கோயில்ல கல்லு அசையல. அடியில ஒரே பாறை. மல எறங்கினா பள்ளத்துப் பக்கம் போகும்னுதான் நெனைக்கிறேன். இங்க இருக்கிறதவிட அங்க இருக்கிறது எவ்வளவோ மேல். திருவிழா முடியிறவரைக்கும் நானும் உங்களோட அங்கேயே இருக்கேன்."

பெரியாயி அவள் பக்கத்தில் வந்தாள். "இருப்பியா புள்ள?"

"இருக்கேன்க்கா."

தப்பு மேளம் முழங்கியது. அம்மனை அழைக்கிற அடிதான், கேட்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சட்டி பானை, ரீவிப் பெட்டி, கல்யாணப் படங்கள், மாவு மூட்டை எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டு லயமே பள்ளத்தைச் சுற்றி ஏறியது. நடக்க முடியாதவர்களை மொஹிதீன் ஜீப்பில் ஏற்றிச் சுற்றுப்பாதையால் கொண்டுவந்தார். கோழிகளைக் கூடையில் போட்டு முதல் ஆளாகக் கொண்டு வந்தார்கள். மதியச் சோறு கோயில் மண்டபத்தில் வெந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. முதலில் வேர்கள் அறுகிற சத்தம், ஒன்று, பிறகு பல. பிறகு வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி ஓர் உறுமல். எல்லாரும் எழுந்தார்கள். எதிரே தேயிலை நகர்ந்தது. ஒரு செடிகூடச் சாயவில்லை. வரிசை வரிசையாக, நின்ற நிலையில், அவசரமே இல்லாமல், ஒரு மலையளவு தேயிலை கீழே நடந்து வந்தது. அந்தப் பச்சையில் ஒரு வெள்ளைக் கோடு வளைந்துகொண்டே வந்து, நீண்டு, பிய்ந்து, மறைந்தது. பிறகுதான் வேகம் பிடித்தது. லயத்தின் கூரைகள் ஒரு கணம் படகுகளைப் போல மிதந்தன, அடுத்த கணம் இல்லை. சிவந்த மண் பள்ளத்தில் விழுந்து, கோயில் மேட்டின் அடியில் மோதித் திரும்பி, கீழே போய்க்கொண்டே இருந்தது. காலடிப் பாறை அதிர்ந்தது. பச்சை மண்ணின் வாடை மூச்சை அடைத்தது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. நிரஞ்சலா இதைப் படித்திருக்கிறாள், கணக்குப் போட்டிருக்கிறாள், விழுந்து முடிந்த பிறகு போய் அளந்திருக்கிறாள். விழும்போது பார்த்ததில்லை. கல் இளகுமா என்று துன்ஹிந்தவில் நின்ற அந்தச் சிறுமிக்கு மலையே எழுந்து பதில் சொல்லிவிட்டுப் போனது போல இருந்தது. அவள் பாறை மேல் உட்கார்ந்தாள். கும்பிடத் தோன்றியது. யாரை என்று தெரியாமல் கைகள் தாமாகவே சேர்ந்தன.

அழகர் சன்னிதிப் பக்கம் திரும்பவில்லை. முதலில் வாசலுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். கற்கள் நேராக இருந்தன. அதற்குப் பிறகுதான் உள்ளே போய்ச் சூடம் ஏற்றினார். பெரியாயி ஓவென்று அழுதாள். பிறந்த காம்பரா, மகளைப் பெற்ற காம்பரா, போய்விட்டது. அழுதுகொண்டே நிரஞ்சலாவின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். சொன்ன சொல்படி திருவிழா முடியும்வரை நிரஞ்சலா அந்த மேட்டிலேயே இருந்தாள். மாணிக்கராஜ் மாற்றுத் துணி தைத்து மொஹிதீனிடம் கொடுத்தனுப்பினார்.

வெள்ளப்பாறைக்காரர்களுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை, தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. உயிரோடு இருக்கிறார்கள், அவ்வளவுதான், அது சின்னக் காரியமும் இல்லை.

சித்திரை மழைக்கு முன்பு நிரஞ்சலாவை ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அவள் முன்பின் பார்த்திராத இடம். என்ன சொல்லித் தொடங்குவது, முதலில் யாரைப் பார்ப்பது என்று ஜீப்பில் யோசித்துக்கொண்டே போனாள். கடைசி வளைவு திரும்பியதும் மொஹிதீன் பிரேக்கைப் பிடித்துவிட்டார்.

லயத்துக்கு மேலே, ஒரு பாறையிலிருந்து மறு பாறை வரைக்கும், மலைக்குக் குறுக்காக வெள்ளைக் கற்கள் வரிசையாக நின்றன. அதற்கு மேலே இன்னொரு வரிசை. கோயிலுக்கு முன்னால் ஒன்று, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்று.

இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். பெரியாயியின் சாயல் அப்படியே இருந்தது. தனுஜா என்று பெயர் சொன்னாள்.

"அம்மா போன்ல சொன்னிச்சு மிஸ். அந்தா, அந்த மூணாவது கல்லு நேத்துலேருந்து கொஞ்சம் எறங்கியிருக்கு. வாங்க, வந்து பாருங்க."

நிரஞ்சலா பேச வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. செருப்பைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு அவள் பின்னால் மலையேறினாள்.